மர்ஸூக் நானாவின் பன்னிரண்டு ஆணி

தெமோதரை பஜாரில் எனக்கு ஆகாத ஆள் ஒருவன்தான். அவனைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். ஆகாதவனைப் பற்றி எதற்கையா எழுதுகிறாய் என்று கேட்பீர்கள். ஆனவர்களைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? பதின்மூன்று வருடமாக நான் கண் கொட்டாமல் பார்த்தது இந்த ஒருவனைத்தான். எத்தனை மணிக்குக் கடை திறப்பான், எந்தக் கையால் நூல் கோர்ப்பான், பிளேன்டீக்குச் சீனியைக் கலக்கிக் குடிப்பானா, உள்ளங்கையில் வைத்து நக்கிக் குடிப்பானா, எல்லாம் எனக்கு அத்துப்படி. என் பெண்டாட்டியைப் பற்றிக்கூட இவ்வளவு தெரியாது.

அவன் பெயர் மர்ஸூக். தையல்காரன். நான் கந்தப்பன். நானும் தையல்காரன். இரண்டு கடைக்கும் நடுவில் ஒரு தெரு, பதினோரு எட்டு. வயதில் என்னைவிட மூன்று வருடம் மூத்தவன் என்பதால் முகத்துக்கு நேரே ‘நானா’ என்பேன். மனதுக்குள் ‘அவன்’தான். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன், பொய் எதற்கு?

ஆரம்பத்தில் எங்களுக்குள் ஒரு தகராறும் இல்லை. நாற்பத்தொன்பதில் இருவரும் ஒரே மாதத்தில் கடை போட்டோம். அவன் பதுளை டவுனிலிருந்து வந்தான். நான் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து வந்தேன். அவனிடம் ஒரு மெசின், என்னிடம் ஒரு மெசின். ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துச் சனம் பஜாருக்கு இறங்கினால் பாதிப் பேர் அந்தப் பக்கம், பாதிப் பேர் இந்தப் பக்கம். தீபாவளி வந்தால் இருவருக்கும் சோறு தின்ன நேரம் இருக்காது. துணி மூட்டை மூட்டையாக வரும். முதுகு வளைந்து, கண் சிவந்து, விரலில் ஊசி ஏறி, தெருவுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து மிதிமிதி என்று மிதிப்போம். எனக்கு அது பிடித்திருந்தது. அவன் படுகிற பாட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தால் என் பாடு பாதியாகத் தெரியும்.

ஐம்பத்து நாலாம் வருடம் தீபாவளி முடிந்து, அடுத்த ஞாயிற்றுக்கிழமை. அவன் ஸ்டூலில் ஏறி நின்று கடைச் சுவரில் ஆணி அடித்துக்கொண்டிருந்தான். ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். பன்னிரண்டு ஆணி, வரிசையாக.

“என்ன நானா, படம் மாட்டப் போறீங்களா?” என்று இங்கிருந்தே கேட்டேன்.

“படம் இல்ல தம்பி, சட்டை. கிழமைக்குப் பன்ரெண்டு ரவிக்கைதான் இனிமே. ஆணி நெறஞ்சா அடுத்த கிழமை. ஞாயித்துக்கெழமையில இரிந்து பொதன் மட்டும் வேல. வியாழன், வெள்ளி, சனி கடை பூட்டு.”

“மூணு நாள் பூட்டிட்டு என்ன செய்வீங்க?”

“இரிப்பன்.”

இருப்பானாம்! அப்போது நாங்கள் எல்லாரும் என்ன செய்துகொண்டிருந்தோம், இல்லாமலா போனோம்?

அவன் ஸ்டூலிலிருந்து இறங்கி, வாசலில் நின்று விளக்கம் வேறு சொன்னான். “இத்தின காலமும் ஓடி ஓடித் தைச்சன் தம்பி. ஓடித் தைச்சது ஒரு வருசத்துல பிரியிது. பிரிஞ்சா திரும்ப எனக்கிட்டத்தான் வருது. திரும்பவும் ஓடணும். மெல்லத் தைச்சா நாலு வருசம் கெடக்கும். அவங்களுக்குத் துணி மிச்சம், எனக்கு நாள் மிச்சம்.”

அன்றைக்கு நான் என் சம்சாரம் இராக்கம்மாவிடம் சொன்னேன்: “எதிர்க்கடைக்காரனுக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சு. மூணே மாசம். மெசினை வித்துட்டு ரயிலேறுவான் பாரு.” அந்த மூன்று மாதம் இன்னும் முடிந்தபாடில்லை.

சனம் காத்திருந்தது! அதுதான் எனக்கு விளங்கவில்லை. எங்கள் பக்கத்தில் பெண்களுக்கு நாடா வைத்து அளவெடுக்கிற வழக்கம் கிடையாது. தனக்குச் சரியாக இருக்கிற பழைய ரவிக்கை ஒன்றைப் புதுத் துணிக்குள் சுருட்டிக்கொண்டு வருவார்கள். அளவுச் சட்டை என்று அதற்குப் பெயர். அதை வைத்துத்தான் வெட்டு. அந்தச் சுருட்டலைக் கொண்டுபோய் அவன் ஆணியைப் பார்ப்பார்கள். பன்னிரண்டும் நிறைந்திருந்தால் சுருட்டலை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்த வழியே லயத்துக்குத் திரும்பிவிடுவார்கள். பதினோரு எட்டு தள்ளி ஒருவன் கத்தரிக்கோலும் கையுமாக உட்கார்ந்திருக்கிறானே என்று ஒரு பார்வையாவது பார்க்க வேண்டாமா?

கேலி செய்யத்தான் செய்தார்கள். “ஆறு நாள் மலையேறினாத்தான் எங்களுக்கு ஆறு பேரு போட்டுச் சம்பளம் தருவாங்க. நானாவுக்கு நாலு பேரே போதுமாம். தொரை காதுல விழுந்தா கொழுந்துக் கூடையக் குடுத்துத் தேயில நெரையில நிப்பாட்டிருவாரு!” என்று சிரிப்பார்கள். சிரித்துவிட்டு அவனிடமே துணியைக் கொடுப்பார்கள்.

தோட்டத்துப் பெண்களை விடுங்கள். பள்ளிக்கூடத்துச் சரோஜினி டீச்சர், யாழ்ப்பாணத்துக்காரி, படித்தவர், அவரும் அப்படித்தான். ஒருநாள் ஆணி நிறைந்திருந்ததைப் பார்த்துவிட்டுத் திரும்பியவரை நானே இறங்கிப் போய்க் கூப்பிட்டேன். “டீச்சர், குடுத்துட்டுப் போங்க, நாளைக்கே தச்சுத் தர்றேன்.”

“எனக்கு அவசரமில்லைக் கந்தப்பன். மூண்டு கிழமை எண்டாலும் பொறுப்பன். அவர் தைச்சால் அஞ்சு வருசத்துக்கு எனக்கு வேற சட்டை தேவைப்படாது” என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். மூக்கறுபட்டு நின்றேன். அதை அவன் தன் கடையிலிருந்து பார்த்தான். பார்த்துவிட்டுப் பார்க்காதவன் மாதிரிக் குனிந்தானே, அதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

எனக்கு வேலை குறைந்ததா என்றால் இல்லை. அவசரக்காரர்கள், தீபாவளிக்காரர்கள், சடங்கு வீட்டுக்காரர்கள் எல்லாரும் என் தலையில்தான். ஏழு நாளும் திறந்தேன். அவனைவிட நான் நல்லாகவே இருந்தேன். அவன் வீட்டில் கறி கிழமைக்கு இரண்டு நாள்தான். அவன் சம்சாரம் ஸகீனாவின் காதில் பழைய தோடுதான். அதை இராக்கம்மாவிடம் அடிக்கடி சொல்லிக் காட்டுவேன். அவள் ஒருநாள் அரிசி களைந்துகொண்டே, “ஆனா அந்தக்கா சிரிக்குது பாருங்க” என்றாள்.

அந்தச் சிரிப்பு! வியாழக்கிழமை மத்தியானம் பூட்டின கடைக்குப் பின்னாலிருந்து கேட்கும். அவன் என்னவோ சொல்லுவான், அவள் மூச்சு முட்டச் சிரிப்பாள். நான் மெசினை வேகமாக மிதிப்பேன், சத்தத்தில் அது அமுங்கட்டும் என்று. அமுங்காது. அவன் என்னதான் சொல்கிறான்? இராக்கம்மா என்னோடு அப்படிச் சிரித்தது எப்போது என்று யோசித்துப் பார்த்தேன். கல்யாணமான புதிதில் ஒருதரம் நான் தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் வழுக்கி விழுந்தபோது.

வெள்ளிக்கிழமை பள்ளிவாசலுக்குப் போய்வந்து, சாப்பிட்டு, சாயந்தரம் ஸ்டேசன் பக்கம் நடப்பான். பதுளைக்குப் போகிற ரயில் எங்கள் ஸ்டேசனை விட்டுக் கிளம்பி, மலையைச் சுற்றிக் கீழே இறங்கி, அதே ஸ்டேசனுக்கு அடியில் குகைக்குள் நுழையும். வருகிறவர்கள் எல்லாரும் வாயைப் பிளந்து பார்ப்பார்கள். நான் இங்கேயே பிறந்து வளர்ந்தவன், அதை நின்று பார்த்தது மொத்தமாக நாலு தடவை இருக்கும். அவன் வாரா வாரம் பார்த்தான். ரயிலைப் பார்ப்பதற்கெல்லாம் ஒருவன்மேல் பொறாமைப்படுவானா என்பீர்கள். நான் பட்டேன். வயிறு எரிந்தது.

இதில் அவனுக்கு என்மேல் கரிசனம் வேறு. ஒருநாள் தெருவைத் தாண்டி வந்து, என் கடைப் பலகையில் உட்கார்ந்தான். “தம்பி, நீங்களும் பன்ரெண்டு ஆணி அடிங்களன். இந்தப் பஜாருக்குக் கிழமைக்கு இருவத்தினாலு ரவிக்கை தாராளம். நல்லாத் தைச்சா அதுவும் தேவைப்படாது. ரெண்டு பேரும் சேந்து ரயில் பாக்கப் போகலாம்.”

எனக்கு ஏறியது பாருங்கள் கோபம். “என்னையும் பூட்ட வச்சிட்டு நீங்க பண்டாரவளையில இன்னொரு கடை தொறக்கப் போறீங்களா நானா? அந்தக் கதையெல்லாம் எங்கிட்ட வேணாம்” என்றேன். அவன் கையிலிருந்த பிளேன்டீயைக் குடித்து முடித்துவிட்டு எழுந்து போனான். சீனியை உள்ளங்கையில் வைத்து நக்கித்தான் குடித்தான்.

இப்போது நான் செய்த ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் பார்த்தேன். சொல்லாவிட்டால் கதை நகராது.

போன வருடம், அறுபத்தொன்று, ஆடி மாதம். ஒரு வியாழக்கிழமை, தோட்டத்து மேல்பிரிவான மேல்கணக்கு லயத்துச் செவனம்மா வந்தாள். ஐந்து மாதக் கர்ப்பம். அவளுடைய நீல ரவிக்கை இறுக்கிப் பிடிக்கிறதாம். மாற்று ரவிக்கையைப் போட்டுக்கொண்டு இதைக் கழற்றிக் கொண்டுவந்தாள். “நானா தச்சதுங்க. கடை பூட்டியிருக்கு. கொஞ்சம் லூசாக்கித் தருவீங்களா? மூச்சு விட முடியல.”

அவன் தைத்தது என் கைக்கு வந்தது அதுதான் முதல் தரம். அவளை உட்காரச் சொல்லிவிட்டு உள்பக்கம் புரட்டிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் இரண்டு விரல் அகலத்துக்குத் துணியை உள்ளே விட்டு மடித்திருந்தான். அந்த மடிப்பில் மஞ்சள் நூலில் கையால் ஓட்டிய இரண்டு கோடு. உடம்பு கொஞ்சம் பெருத்தால் முதல் கோடுவரை பிரிக்கலாம், இன்னும் பெருத்தால் இரண்டாவது கோடுவரை. தையல்காரனே தேவையில்லை, ஊசி பிடிக்கத் தெரிந்த யாரும் செய்துகொள்ளலாம். பிள்ளை பெற்று உடம்பு வற்றினால் திரும்பப் பிடித்துக்கொள்ளலாம். ஒரு ரவிக்கை, நாலு வருடம். இதுதான் அவனுடைய வித்தை. இதற்காகத்தான் டீச்சர் மூன்று கிழமை பொறுக்கிறார்.

நான் அப்படி விடுவதில்லை. ஒட்ட வெட்டுவேன். உள்ளே துணி விட்டால் மடிக்க வேண்டும், ஓரம் அடிக்க வேண்டும், ஒரு ரவிக்கைக்கு அரை மணி கூடப் போகும். எனக்கு எங்கே நேரம்? வெட்டித் தள்ளுகிற துண்டையெல்லாம் மெசினுக்கு அடியில் ஒரு சாக்கில் போட்டுவைப்பேன், தலையணை தைக்கிறவர்களுக்கு.

செவனம்மாவின் ரவிக்கையை முதல் கோடுவரை பிரித்துத் தைத்தேன். அதோடு கொடுத்திருக்கலாம். கத்தரிக்கோல் கையில் இருந்தது. அந்த இரண்டாவது மஞ்சள் கோட்டைப் பார்க்கப் பார்க்க எனக்குக் காந்தியது. மிச்சத் துணியை இரண்டு பக்கமும் நறுக்கென்று வெட்டிச் சாக்கில் போட்டேன். “என்னங்க வெட்டுறீங்க?” என்றாள். “பிசிர் தட்டும்மா, இருந்தா குத்தும்” என்றேன். அவள் கும்பிட்டுவிட்டு வாங்கிக்கொண்டு போனாள். இன்னும் நாலு மாதம் அவள் வயிறு வளரும் என்று எனக்குத் தெரியும்.

அந்தச் சமயத்தில்தான் என் மகள் ஜெயலெட்சுமிக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை பண்டாரவளையில் மரக்கறிக் கடையில் இருக்கிறார், நல்ல பிள்ளை. தீபாவளி முடிந்து மூன்றாம் வெள்ளி முகூர்த்தம். எனக்கு ஒரே ஒரு யோசனைதான். இந்தக் கல்யாணத்துக்குப் பஜார் முழுக்க வரும், தோட்டத்துச் சனம் வரும், டீச்சர் வருவார், அவன் வருவான். என் மகள் உடம்பில் நான் தைத்த ரவிக்கையை எல்லாரும் பார்க்க வேண்டும். பார்த்து, ஐயோ இவ்வளவு நாளும் கந்தப்பனை விட்டுவிட்டோமே என்று வாயில் கை வைக்க வேண்டும். டீக்கடையில் நின்று சத்தமாகவே சொன்னேன்: “எம் மக கல்யாண ரவிக்கையப் பாத்துட்டுப் பேசுங்க. அப்பறம் ஒருத்தரும் ஆணியப் பாத்துக்கிட்டு நிக்க மாட்டீங்க.” சொன்னபோது அவன் அங்கேதான் வடை தின்றுகொண்டிருந்தான். “நல்லா இரிக்கும் தம்பி” என்றான்.

கூறைச் சேலைக்குப் பொருத்தமாகச் சிவப்புப் பட்டுத் துணி வாங்கி வைத்தேன். “அளவுச் சட்டை எடுத்துத் தரட்டுமாங்க?” என்று இராக்கம்மா கேட்டாள். “எம் மக அளவு எனக்குத் தெரியாதா?” என்று விரட்டிவிட்டேன். தீபாவளித் தையல் என்னை அமுக்கிவிட்டது. அது முடிந்ததும் பிரிந்த தையல், போகாத கொக்கி, அது இது என்று வந்ததே திரும்ப வந்தது. பட்டைக் கையில் எடுக்கும்போது கல்யாணத்துக்கு ஐந்து நாள்தான் இருந்தது.

அளவுக்கு ஒன்று எடுக்கலாம் என்று பின்பக்கம் போனேன். கொடியில் ஜெயாவின் ரவிக்கை இரண்டு காய்ந்துகொண்டிருந்தன. ஒன்று பச்சை, இன்னொன்று ரோஸ். பச்சையைப் புரட்டினேன். உள்ளே இரண்டு விரல் துணி. மஞ்சள் கோடு.

அவன் தைத்தது. என் வீட்டுக் கொடியில். என் மகள் உடம்புக்கு.

ஈரத் துணியைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. கண்ணில் மிளகாய்ப் பொடி போட்ட மாதிரி இருந்தது. உள்ளே போய்க் கத்தியிருக்கலாம். கத்தினால் அவர்கள் ஏதாவது காரணம் சொல்லுவார்கள், அந்தக் காரணம் சரியாக இருந்துவிட்டால்? பச்சையைக் கொடியிலேயே விட்டேன். ரோஸை எடுத்தேன். அது நான் தைத்தது, ஒரு பழைய தீபாவளிக்கு. போயும் போயும் அவன் தைத்ததை வைத்தா நான் வெட்டுவேன்? என் மகளுக்கு என் அளவு!

அதை வைத்தே வெட்டினேன். ஒட்ட வெட்டினேன். வியாழக்கிழமை சாயந்தரம்தான் கொக்கி வைத்து முடித்தேன். ஒருதரம் போட்டுப் பார்க்கட்டுமே என்றாள் இராக்கம்மா. “கல்யாண ரவிக்கைய மொதநாளே போடுவாங்களா? நாளைக்குப் போடட்டும்” என்றேன்.

வெள்ளிக்கிழமை காலை. கீழே கோயிலில் மேளக்காரர்கள் வந்துவிட்டார்கள். நான் பட்டுவேட்டி கட்டி, கடை வாசலில் நின்று வருகிறவர்களை வாங்க வாங்க என்றுகொண்டிருந்தேன். பின்னறையில் பெண்கள் சத்தம் திடீரென்று நின்றது. இராக்கம்மா வந்து என் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். அவள் முகத்தில் ரத்தமில்லை.

“கை ஏறல. ஏறினாலும் கொக்கிக்கும் கொக்கிக்கும் நடுவுல நாலு விரல் கெடக்கு. என்னாங்க செஞ்சு வச்சிருக்கீங்க?”

ஜெயா தலையில் பூவோடு, மேலே ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டு பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. என்னைப் பார்த்துக் கேட்டாள்: “எந்தச் சட்டைய வச்சு வெட்டுனீங்கப்பா?”

“ரோஸை.”

“அத நான் போட்டு ரெண்டு வருசமாச்சே. சின்னம்மா மகளுக்குக் குடுக்கத்தான் அம்மா தொவச்சுப் போட்டுச்சு. பக்கத்துல பச்சை இருந்திச்சே?”

“பாத்தேன்” என்றேன்.

அவளுக்கு விளங்கிவிட்டது. பிறகு மெதுவாகச் சொன்னாள்: “உங்ககிட்டதான்பா மொதல்ல கேட்டேன். மூணு தடவ கேட்டேன். ‘அடுத்த வாரம், அடுத்த வாரம்’னீங்க. அளவுச் சட்டையும் துணியும் உங்க மெசின் மேலயே நாலு மாசம் கெடந்திச்சு. அதுக்கப்பறம்தான் அம்மா எடுத்துக்கிட்டுப் போயி நானா ஆணியில மாட்டுச்சு.”

முகூர்த்தத்துக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. நான் வாசலுக்கு வந்தேன். எதிரே கடை பூட்டியிருந்தது. வெள்ளிக்கிழமை ஆயிற்றே! பதினோரு எட்டையும் நடந்தேன். அந்தத் தெரு அவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அவன் பின்பக்கம் கல்யாணத்துக்குப் போட வெள்ளைச் சட்டையை விரித்து ஸ்திரிக்கை போட்டுக்கொண்டிருந்தான். ஸகீனா புதுச்சேலை கட்டியிருந்தாள். நான் சிவப்பு ரவிக்கையை நீட்டினேன். “நானா” என்றேன். அவன் ரவிக்கையை வாங்கிப் புரட்டிப் பார்த்தான். உள்ளே விரலை விட்டான். ஒட்ட வெட்டியது விரலுக்குத் தெரிந்துவிட்டது.

“வெட்டின துண்டு இரிக்கா?”

“சாக்குல இருக்கும்.”

“வாங்க. உங்க மெசின்லயே தைப்பம். என்ட கடை இன்டைக்குப் பூட்டு.” அந்த நேரத்திலும் அவன் கடையைத் திறக்கவில்லை பாருங்கள்!

என் கடையில், என் ஸ்டூலில், என் மெசினில் உட்கார்ந்தான். இராக்கம்மாவைப் பார்த்து, “தங்கச்சி, அந்தப் பச்சைச் சட்டையத் தாங்க, அளவுக்கு” என்றான். நான் சாக்கை இழுத்துத் தரையில் கொட்டினேன். எத்தனை நிறம்! எத்தனை பேருடைய துணி! இரண்டு பேரும் குந்தியிருந்து சிவப்பைத் தேடினோம். அவன் கை ஒரு நீலத் துண்டில் நின்றது.

எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான். நீளமான துண்டு, நடுவில் மஞ்சள் கோடு. இன்னொன்றையும் எடுத்தான். அதிலும் மஞ்சள் கோடு. தன் கைத்தையல் யாருக்குத் தெரியாமல் போகும்? யாருடைய ரவிக்கை என்றும் தெரிந்திருக்கும். என்னை நிமிர்ந்து பார்த்தான். பூமி பிளந்து என்னை விழுங்காதா என்று இருந்தது. அவன் அந்த இரண்டையும் மடித்து மெசின் மேல் ஓரமாக வைத்துவிட்டு, “செகப்பத் தேடுங்க தம்பி” என்றான்.

கையகலத்தில் நாலு சிவப்புத் துண்டு கிடைத்தது. அவன் கக்கத்துத் தையலைப் பிரித்து, இரண்டு பக்கமும் ஒட்டுக் கொடுத்து, சேலை மறைக்கிற இடமாகப் பார்த்து வைத்தான். ஓடவில்லை. வெளியில் மேளம் தொடங்கிவிட்டது, மாப்பிள்ளை வீட்டார் வந்துவிட்டார்கள் என்று ஆள்மேல் ஆள் வந்து சொல்கிறார்கள், இவன் கிழமைக்குப் பன்னிரண்டு தைக்கிறவன் மாதிரியே தைக்கிறான். ஒட்டு முடிந்தது. இனிக் கொடுப்பான் என்று கையை நீட்டினேன். அவன் கொடுக்காமல் மிச்சத் துணியை உள்ளே மடித்து, ஊசியில் மஞ்சள் நூலைக் கோர்த்தான்.

“நானா, நேரம் போகுது! உள்ளுக்கு எதுக்கு இப்ப துணி? இன்னைக்கு ஒருநாளைக்குத்தானே?”

அவன் தலை நிமிரவில்லை. “ஒருநாளைக்கா? புள்ள உண்டாகினா வளைகாப்புக்கு எதப் போடுவா?”

நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். பட்டுவேட்டி நுனியால் முகத்தைத் துடைத்தேன். இன்னும் பிறக்காத என் பேரப்பிள்ளைக்கு அவன் இடம் விட்டுக்கொண்டிருந்தான். நான் பெற்ற மகளுக்கே ஒட்ட வெட்டியவன். அந்த நிமிடம் அவன்மேல் எனக்கு வந்த பொறாமை மாதிரி அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

தாலி கட்டு நேரத்துக்கு நடந்தது. ரவிக்கையைப் பார்த்து எல்லாரும் வாயில் கை வைத்தார்கள், நான் ஆசைப்பட்ட மாதிரியே. “கந்தப்பன், வடிவாய்த் தைச்சிருக்கிறியள்!” என்றார் டீச்சர். நான் பல்லைக் காட்டினேன். அவன் பந்தியில் உட்கார்ந்து பாயாசம் குடித்துக்கொண்டிருந்தான், வாயே திறக்கவில்லை.

அடுத்த ஞாயிறு அந்த நீலத் துண்டு இரண்டையும் எடுத்துக்கொண்டு மேல்கணக்கு லயத்துக்கு ஏறினேன். செவனம்மா நிறைமாதம். ரவிக்கையின் பக்கத் தையலைப் பிரித்துப்போட்டு, மேலே சேலையை இழுத்து மூடிக்கொண்டிருந்தாள். அவள் வாசலில் உட்கார்ந்து கையாலேயே ஒட்டுக் கொடுத்துத் தைத்துக் கொடுத்தேன். “பிசிர்னு சொன்னீங்களே?” என்றாள். “பிசிர் இல்ல ஆத்தா, எனக்குத்தான் வயித்தெரிச்சல்” என்றேன். அவளுக்கு விளங்கியதோ இல்லையோ, சிரித்தாள்.

திங்கட்கிழமை சுத்தியல் எடுத்தேன். அவன் தெருவைத் தாண்டி வந்து எண்ணினான்.

“பதினொண்ணா தம்பி?”

“உங்களவிட ஒண்ணு கம்மி” என்றேன்.

விழுந்து விழுந்து சிரித்தான். சிரித்துவிட்டுப் போனவன் அடுத்த ஞாயிறு பார்த்தால் தன் சுவரில் இரண்டு ஆணியைப் பிடுங்கிவிட்டான். அவனுக்குப் பத்து! என்ன செய்வது இவனை? ஒரு வீம்புக்கு நானும் மூன்றைப் பிடுங்கியிருப்பேன். இராக்கம்மாதான், போதும் சோறு திங்க வேணாமா என்று சுத்தியலைப் பிடுங்கி ஒளித்துவைத்தாள். வியாழக்கிழமைகளில் இப்போது என் கடையும் பூட்டு. இரண்டு வெள்ளி அவனோடு போய் ரயிலையும் பார்த்தேன். குகைக்குள் போகிறது, அவ்வளவுதான். அதில் அவனுக்கு என்ன தெரிகிறதோ, எனக்கு இன்னும் தெரியவில்லை. அதிலும் ஒரு எரிச்சல்தான்.

போன மாதம் ஜெயாவுக்கு வளைகாப்பு. கூறைக்கு அந்தச் சிவப்பு ரவிக்கையைத்தான் போட்டிருந்தாள். முதல் கோடுவரை அவளே பிரித்துத் தைத்திருந்தாள், கன கச்சிதம். வளையல் போட வந்த சம்பந்தியம்மா துணியைத் தடவிப் பார்த்து, “கல்யாணத்துக்குப் போட்டதா? இப்பவும் இப்பிடி நிக்குதே, யாரு தச்சது?” என்று கேட்டார்.

ஜெயா என்னைப் பார்த்தாள். “எங்க அப்பா” என்றாள்.

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். வாசல் பக்கம் அவன் நின்றுகொண்டிருந்தான், எப்போதும் போல வாயைத் திறக்காமல். பதின்மூன்று வருடமாக நான் காத்திருந்த நிமிடம் அது. பேசாமல் இருந்தால் போதும், எனக்குத்தான்.

“இல்லீங்க சம்பந்தி” என்றேன். வேப்பங்காயைக் கடித்த மாதிரி இருந்தது வாய். “நான் தச்சது எம் மகளுக்குப் பத்தல. இது மர்ஸூக் நானா தச்சது.”

சம்பந்தியம்மா அவன் பக்கம் திரும்பி, பண்டாரவளையில் இருக்கிற தன் மூத்த மருமகளுக்கும் ஒன்று தைத்துத் தர முடியுமா என்று கேட்டார். அவன் தலையைச் சொறிந்துகொண்டு சொன்னான்: “எனக்கிட்ட ஆணி இல்லையே. தம்பிக்கிட்டக் குடுங்க. அவரும் இப்ப உள்ளுக்குத் துணி விட்டுத்தான் தைக்கிறாரு.”